பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு: பழைய முகவரிகளை என்ன செய்வது?

பிளாக்கரில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எழுதிய நண்பர்கள், சொந்த டொமைன் ஒன்றை வாங்கிக்கொண்டு வேர்ட்பிரஸுக்கு மாறுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. எழுதியதையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அது எளிய வேலை. பிளாக்கர் எல்லாப் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் ஒரே கோப்பாகத் தந்துவிடும். வேர்ட்பிரஸின் இறக்குமதிக் கருவி அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூகுளில் எதையோ தேடி, பழைய முகவரியைச் சொடுக்கி வருகிற வாசகர் இனி எங்கே போய் நிற்பார்?

தேடுபொறி நம் எழுத்துக்குக் கிடைத்த மதிப்பை நம் பெயரில் வரவு வைப்பதில்லை. அந்த எழுத்து இருக்கிற முகவரியின் பெயரில் வைக்கிறது. 2009இல் எழுதிய ஒரு கல்வெட்டுக் குறிப்புக்குத் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து ஓர் இணைப்பும், வேறு வலைப்பூக்களிலிருந்து சில இணைப்புகளும், மின்தமிழ் போன்ற மடற்குழுக்களில் சில சுட்டுதல்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை யாவும் சுட்டுவது பழைய முகவரியை. அதே கட்டுரையைப் புதிய டொமைனில் ஏற்றிவிட்டு, பழையதை அப்படியே விட்டுவைத்தால், கூகுளின் கண்ணுக்குப் புதியது ஒரு படியெடுப்பாகத் தெரியும். பழையதையே மூலமாகக் காட்டிக்கொண்டிருக்கும். படியெடுப்பு வேண்டாமே என்று பழையதை அழித்துவிட்டால், அந்த முகவரி 404, அதாவது பக்கம் இல்லை, என்று சொல்லத் தொடங்கும். சில வாரங்களில் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். புதியது எந்தப் பின்னணியும் இல்லாத ஒரு புதுப் பக்கமாக முதலிலிருந்து தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழிதான் ரீடைரக்ட், அதாவது வழிமாற்று. இடம் மாறிய கடையின் பழைய கதவில் புது விலாசம் எழுதி ஒட்டுவது போன்ற ஏற்பாடு இது. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒட்டியாக வேண்டும், சிரமம் அங்கேதான் இருக்கிறது.

சர்வர் தருகிற எண்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிரந்தர மாற்றத்துக்கு 301, தற்காலிக மாற்றத்துக்கு 302 என்ற இரண்டும் 1996இல், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் 1.0 பதிப்பு ஆவணமானபோதே இருந்தவை. படிவங்கள் அனுப்பப்படும் முறை இடையில் மாறிவிடக் கூடாது என்பதற்காகப் பின்னாளில் 307உம் 308உம் சேர்ந்தன. வாசிக்க மட்டுமே இருக்கிற ஒரு வலைப்பூவுக்கு 301 போதும். ஒவ்வொரு வழிமாற்றிலும் பக்கத்தின் மதிப்பில் ஒரு பங்கு கசிந்துவிடும் என்ற பேச்சு தேடுபொறி வல்லுநர்களிடையே நெடுநாள் உலவியது. 30 என்று தொடங்கும் எண்களை உடைய இந்த வழிமாற்றுகளால் பேஜ்ரேங்க் (பக்கத்துக்குக் கூகுள் தரும் மதிப்பளவு) இனிக் குறைவதில்லை என்று கூகுளின் கேரி இலியஸ் 2016இல் பொதுவெளியில் சொன்னார். ஆகவே அந்த அச்சத்தில் யாரும் இடமாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. 301ஐ பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்கு 301 கொடுத்துவிட்டால், சர்வரில் திருத்திய பிறகும் ஏற்கெனவே வந்துபோனவர்களின் பிரவுசர் பழைய தவறான இடத்துக்கே போகக்கூடும். சோதிக்கும் நாள்களில் 302 வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு 301க்கு மாற்றுவது நல்லது.

பிளாக்கரில் இருக்கிற தனிச் சிக்கல், சர்வர் நம் கையில் இல்லை என்பது. அதன் அமைப்புகளில் வழிமாற்று வைக்க ஓர் இடம் உண்டு. ஆனால் அது அதே வலைப்பூவுக்குள் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மட்டுமே பயன்படும், வெளி டொமைனுக்கு அனுப்பாது. இதனால் பலரும் வார்ப்புருவில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கைச் செருகி வாசகரைத் தள்ளிவிடுகிறார்கள். அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். கூகுள் பக்கத்தை முழுதாக இயக்கிப் பார்க்கும்போது அந்தத் தாவலைப் புரிந்துகொள்ளும். பக்கத்துக்குள்ளேயே எழுதும் தாவல் கட்டளையான மெட்டா ரிஃப்ரெஷ்ஷைப் பூஜ்ய விநாடி அளவில் வைத்தால், அதை நிரந்தர வழிமாற்றாகவே எடுத்துக்கொள்வதாக அதன் ஆவணங்களும் சொல்கின்றன. ஆனால் பக்கத்தை இயக்கிப் பார்ப்பது எப்போது நடக்கும் என்பது அதன் விருப்பம். இயக்கிப் பார்க்காத மற்ற தேடுபொறிகளுக்கும், புதிய பதிவுகளைத் தானே கொண்டுவந்து காட்டும் ஓடை வாசிப்பான்களுக்கும் அந்தத் துணுக்கு இருப்பதே தெரியாது. தவிர, இணையத்தில் நகலெடுக்கக் கிடைக்கிற துணுக்குகளில் பல எல்லாப் பதிவுகளையும் புதிய தளத்தின் முகப்புக்கு அனுப்புகின்றன. கல்வெட்டைத் தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அத்தகைய மாற்றைப் பெரும்பாலும் 404க்கு நிகராகவே கருதும். துணுக்குதான் வழி என்றால், ஒவ்வொரு பதிவையும் அதன் புதிய இணைக்கே அனுப்புவதாக அதை எழுத வேண்டும்.

நான் பரிந்துரைப்பது சற்றுச் சுற்றுவழி. முதலில் புதிய டொமைனைப் பிளாக்கரிலேயே இணைத்துவிடுங்கள். அப்படிச் செய்தவுடன், பிளாக்கர் முதலில் தந்த பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிற ஒவ்வொரு வேண்டுகோளையும், பாதை மாறாமல், புதிய டொமைனுக்குப் பிளாக்கரே 301 கொடுத்து அனுப்பத் தொடங்கும். சில வாரங்கள் அப்படியே விட்டால், தேடல் முடிவுகளில் பிளாக்ஸ்பாட் மெல்ல மறைந்து, சொந்த டொமைன் தெரியத் தொடங்கும். அதன் பிறகு, டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளை வேர்ட்பிரஸ் இருக்கிற சர்வருக்குத் திருப்பிவிடலாம். பிளாக்கரின் அமைப்பை மட்டும் தொடக்கூடாது. பழைய வலைப்பூவை அழிக்கவும் கூடாது. இந்த நிலையில் பிளாக்கர் சில வேளைகளில் நேரே அனுப்பாமல், வேறிடம் போகப்போகிறீர்கள் என்று சொல்லும் இடைப்பக்கம் ஒன்றைக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனவே கணக்கிலிருந்து வெளியேறிய ஒரு பிரவுசரில் பழைய முகவரிகள் சிலவற்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்தச் சுற்றுவழியின் பெரிய ஆதாயம், டொமைன் மாற்றமும் பாதை மாற்றமும் ஒரே நாளில் நிகழாமல் பிரிந்துவிடுவது. எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது அப்போது எளிது.

இனிப் பாதைக்கு வருவோம். தமிழ் வலைப்பூக்களுக்கு உரிய சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கருக்கு அந்த எழுத்துகளை முகவரியில் வைக்கத் தெரியாது. ஆண்டு, மாதம், அதன் பிறகு ஆங்கிலத்தில் 'பிளாக்-போஸ்ட்' என்ற பெயர், அந்த மாதத்தில் ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்தால் பின்னால் ஓர் அடிக்கோடும் எண்ணும் என்று ஒரு முகவரியைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதனால் பழைய தமிழ்ப் பதிவுகளின் முகவரிகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். முகவரியைப் பார்த்து எந்தப் பதிவு என்று சொல்ல முடியாது. ஆங்கிலத் தலைப்பு உள்ள தளத்தில் பழைய முகவரியின் சொற்களைப் புதியதன் சொற்களோடு ஒப்பிட்டு ஒரு விதியால் ஓரளவு பொருத்திவிடலாம். நமக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒன்றுக்கு ஒன்றாகப் பட்டியல் வேண்டும். நல்ல வேளையாக, வேர்ட்பிரஸின் பிளாக்கர் இறக்குமதிக் கருவி ஒவ்வொரு பதிவின் பழைய பாதையையும் அந்தப் பதிவோடு ஒரு தனிப்புலத்தில் சேமித்து வைக்கிறது. தரவுத்தளத்திலிருந்து அந்தப் புலத்தையும் புதிய முகவரியையும் இரண்டு பத்திகளாக எடுத்தால் பட்டியல் தயார். கைமுறையாகத் தலைப்புகளை வைத்துத் தேடிப் பொருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழைய பாதையை ஏன் மாற்ற வேண்டும்? வேர்ட்பிரஸின் நிலைத்த இணைப்பு அமைப்பில் ஆண்டு, மாதம், பதிவின் பெயர், இறுதியில் எச்டிஎம்எல் என்ற பின்னொட்டு என அமைத்து, பதிவின் பெயராகப் பிளாக்கரின் பழைய பெயரையே வைத்துவிட்டால், டொமைனுக்குப் பின்னால் இருக்கிற பகுதி ஓர் எழுத்துக்கூட மாறாது. அப்போது அந்தப் பதிவுகளுக்கு வழிமாற்றே தேவைப்படாது. ஆனால் மாதம் வேறானாலும் ஒரே பெயரை இரண்டு பதிவுகளுக்கு வேர்ட்பிரஸ் விடாது. அப்படிப் பெயர் இரட்டிக்கிற பதிவுகளுக்கு மட்டும் வழிமாற்று வேண்டியிருக்கும். அழகில்லை என்பதைத் தவிர அந்த முகவரிகளில் குறை எதுவும் இல்லை. வாசகர் முகவரியைப் படித்துவிட்டு உள்ளே வருவதில்லை. தேடுபொறியும் பக்கத்தின் தலைப்பையும் உள்ளடக்கத்தையும்தான் முதன்மையாகப் பார்க்கிறது. பழைய பதிவுகளைப் பழைய பெயரிலேயே விட்டுவிட்டுப் புதியவற்றுக்கு மட்டும் நல்ல பெயர் வையுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் சொந்த டொமைன் வாங்கிய மகிழ்ச்சியில் இருக்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. எல்லாப் பதிவுகளுக்கும் தமிழிலேயே முகவரி வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். அதன் விலையையும் தெரிந்துகொள்வது நல்லது.

யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக மூன்று இடங்களை எடுக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடங்கள். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால், 'தமிழ்நாட்டு' என்ற ஒரே சொல் 11 குறிகளாகி 99 இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸோ பதிவின் பெயரை வைக்கும் புலத்துக்கு 200 இடங்களையே ஒதுக்கியிருக்கிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 22 தமிழ்க் குறிகள். 'தஞ்சைப் பெரிய கோயில் பயணம்: பகுதி 1' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'தஞ்சைப்-பெரிய-கோயில்-பயண' என்பதோடு நின்றுவிடும், 'ம்' என்ற எழுத்துக்குக்கூட இடமிருக்காது. இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் அதே வெட்டுதான் விழும். பெயர் இரட்டிப்பதைப் பார்த்து வேர்ட்பிரஸ் பின்னால் 2, 3 என்று எண் சேர்த்துக்கொள்ளும்; ஆனால் அந்த எண் பதிவு உள்ளே வந்த வரிசையில் விழுவது. இறக்குமதி புதியதிலிருந்து பழையதற்குப் போனால், தொடரின் கடைசிப் பகுதிக்கு எண்ணில்லாத பெயரும் முதல் பகுதிக்குப் பெரிய எண்ணும் வந்து சேரும். பட்டியலைத் தலைப்பு வரிசையில் கண்ணால் பார்த்துத் தயாரித்தவர்கள் இந்த இடத்தில் தவறான பகுதிக்கு வாசகரை அனுப்பிவிடுவார்கள்.

இதோடு வேர்ட்பிரஸின் ஒரு நல்லெண்ணமும் சேர்ந்துகொள்கிறது. கேட்ட முகவரி கிடைக்காதபோது, அதே தொடக்கத்தை உடைய வேறொரு பதிவு இருந்தால், அதற்கு அது தானாகவே வழிமாற்றிவிடும். பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாக இருக்கும் தளத்தில் இது உதவிதான். எல்லாத் தலைப்பும் ஒரே சொல்லில் தொடங்கி, ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு நிற்கிற ஒரு தமிழ்த் தளத்தில், பட்டியலில் விடுபட்டதை இந்த ஊகம் மறைத்துவிடும். 404 வந்திருந்தால் சர்வரின் பதிவேட்டில் தெரிந்திருக்கும். தவறான பகுதிக்குப் போன 301 தெரியாது. வேர்ட்பிரஸின் 5.5ஆம் பதிப்பிலிருந்து இந்த ஊகத்தை நிறுத்த ஒரு வடிகட்டி (நிரலில் சேர்க்கும் சிறு கட்டளை) இருக்கிறது. இடமாற்றத்தின் முதல் சில மாதங்களுக்கு அதை நிறுத்தி வைப்பது நல்லது.

அடுத்தது எழுத்து வடிவம். திரையில் 'கொ' என்று தெரிவதை இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு ஒரு குறியாகவும் கால் ஒரு குறியாகவும். யுனிகோடு இரண்டையும் நிகரானவை என்றே வரையறுக்கிறது. ஆனால் சர்வரின் வழிமாற்று விதி வரையறையைப் பார்க்காது, பைட்டுகளைப் பார்க்கும். யுனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, பாமினி போன்ற குறியீடுகளிலிருந்து பழைய எழுத்துரு மாற்றிகளால் மாற்றிய பதிவுகளில் பிரிந்த வடிவம் இன்றும் கிடைக்கிறது. பட்டியலை ஒருவர் ஒரு கணினியிலும் விதியை இன்னொருவர் வேறொன்றிலும் தட்டச்சு செய்தால், கண்ணுக்கு எழுத்தெழுத்தாக ஒத்த இரண்டு முகவரிகள் பொருந்தாமல் நிற்கும். பட்டியல் முழுவதையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யுனிகோடு வடிவத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் சீராகிவிடும். 'ஸ்ரீ' மட்டும் சீராகாது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கோயில் கோயிலாக எழுதுகிற வலைப்பூவாக இருந்தால் இரண்டு வடிவத்துக்கும் விதி எழுதிவிடுங்கள். பதினாறடிமான இலக்கங்களிலும் இதே கதை: வேர்ட்பிரஸ் அவற்றைச் சிற்றெழுத்தில் சேமிக்கிறது, பிரவுசர்கள் பேரெழுத்தில் அனுப்புகின்றன, விதி அப்பட்டமான எழுத்துப் பொருத்தமாக இருந்தால் ஒன்று தப்பிவிடும். ரீடைரக்‌ஷன் என்ற இலவச நீட்சியில் எழுத்தளவு வேறுபாட்டைப் புறக்கணிக்கும் தேர்வு இருக்கிறது.

பட்டியலில் பதிவுகள் மட்டும் இருந்தால் போதாது. பிளாக்கர் செல்பேசி வாசகரின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் 'எம்=1' என்று ஒட்டிவிடும். வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட இணைப்புகளில் பெரும்பகுதி அந்த வாலோடுதான் திரியும் என்பதால், விதி அந்த வால் இருந்தாலும் பொருந்த வேண்டும். குறிச்சொல் பக்கங்களைப் புதிய தளத்தின் குறிச்சொல் அல்லது பகுப்புப் பக்கங்களுக்கு அனுப்பலாம். பிளாக்கரின் ரோபாட்ஸ் கோப்பு அந்தப் பக்கங்களைத் தேடுபொறிகளுக்கு அடைத்தே வைத்திருந்ததால் தேடல் வரத்து அங்கே குறைவு, ஆகவே நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஓடை முகவரியை விடக்கூடாது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளின் காலத்தில் சந்தா சேர்ந்த வாசகர்களில் சிலர் இன்றும் ஓடை வழியாகத்தான் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தளம் மாறியது தெரியவே தெரியாது, பதிவு வருவது நின்றது மட்டும்தான் தெரியும். புதிய தளத்தில் கொண்டுவர விரும்பாத பதிவுகள் எல்லோரிடமும் சில இருக்கும். அவற்றுக்கு ஒத்த பக்கம் இல்லையென்றால் வேறெங்கோ திருப்பாமல் 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) கொடுத்துவிடுவதே நேர்மை.

மாற்றம் முடிந்த பிறகு, தேடலிலிருந்து வரும் வரத்தைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பழைய தளம், புதிய தளம் இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து வைத்துப் பார்க்க வேண்டும். பழையதன் வரைகோடு இறங்கப் புதியதன் வரைகோடு ஏறுவது நடுத்தரமான ஒரு தளத்தில் சில வாரங்களில் தெரியும். டொமைன் மாற்றத்துக்கு அங்கே முகவரி மாற்றக் கருவி இருக்கிறது, அது 180 நாள்கள் செயல்படும். ஒரே டொமைனுக்குள் பாதை மாறுவதற்கு அது உதவாது. உள்ளிணைப்புகளை வழிமாற்றை நம்பி விட்டுவிடாமல் நேரே புதிய முகவரிக்குத் திருத்துங்கள். பிளாக்ஸ்பாட்டிலிருந்து பாதுகாப்பற்ற எச்டிடிபிக்கு, அங்கிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு, பிறகு டபிள்யூ மூன்று இல்லாத பெயருக்கு, கடைசியில் புதிய பாதைக்கு என்று ஒரு சங்கிலி வெகு எளிதாக உருவாகிவிடும். கூகுளின் உலாவு நிரலான கூகுள்பாட் பத்துத் தாவல் வரை பின்தொடரும் என்றாலும், மூன்றுக்குள் வைப்பதே நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். நிறத்தையும் வடிவமைப்பையும் அதே வாரத்தில் மாற்ற வேண்டாம். வரத்து குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும்.

எவ்வளவு காலம் வழிமாற்றை வைத்திருப்பது? குறைந்தது ஓராண்டு என்பது கூகுள் சொல்வது. அது கூகுளின் தேவைக்கான கணக்கு. அச்சில் வந்த புத்தகங்களின் அடிக்குறிப்புகளிலும், யாரோ ஒருவரின் பழைய மின்னஞ்சலிலும் இருக்கிற இணைப்புக்கு ஓராண்டு என்ற எல்லை எதுவும் இல்லை. தமிழ் வாசகர்கள் இதை ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறார்கள். 2012இல் பிளாக்கர், வாசகர் இருக்கும் நாட்டைப் பார்த்து, இந்தியாவில் இருப்பவரைப் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. கனடாவில் இருந்தவருக்குச் சிஏ, இங்கிலாந்தில் இருந்தவருக்குச் சிஓ டாட் யுகே. எழுதியவர் காம் என்றே வைத்திருந்தாலும், படித்தவர் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்துப் பகிர்ந்தது இன் என்றானது. பின்னர் கூகுள் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. 2020இல் அந்த இன் டொமைனே கூகுளின் கையை விட்டுப் போய் வேறொருவர் பெயரில் பதிவானது. சென்னையிலும் மதுரையிலும் அந்த ஆண்டுகளில் நகலெடுக்கப்பட்ட இணைப்புகள் அன்றோடு செத்துப்போயின. மூலப் பதிவு காம் முகவரியில் பத்திரமாக இருந்தும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை. இன்றும் அப்படி ஓர் இணைப்பு கண்ணில் பட்டால், 'இன்' என்பதைக் 'காம்' என்று மாற்றித் திறந்து பாருங்கள், பெரும்பாலும் திறக்கும்.

ஆகவே இடையில் ஒரு டொமைனை வாங்கி, பிறகு அதைவிட நல்ல பெயர் கிடைத்தது என்று இன்னொன்றுக்குப் போகிறவர்கள், முதல் டொமைனையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பிளாக்கரிலிருந்து வருகிற 301 அந்த முதல் டொமைனைத்தான் வந்தடைகிறது. இரண்டாவதற்குப் போகும்போது பிளாக்கர் அமைப்பிலும் டொமைனை மாற்றிவிட்டால் ஒரு தாவல் குறையும். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பகிரப்பட்ட இணைப்புகள் முதல் டொமைனிலேயே இருக்கின்றன. அதன் புதுப்பிப்பைத் தானியங்கியாக வைத்து, அதற்கான கார்டு காலாவதியாகும் மாதத்தையும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.